சிரிக்கிறவனிடம் டிக்கெட் இருக்காது

என் வீட்டுக்காரர் சிலுவைராஜுக்குப் பஸ்ஸில் டிக்கெட் செக்கர் வேலை. இருபத்தேழு வருஷம் பார்த்தார். வேலை முடிந்து வந்ததும் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். செக்கர் கண்ணை மட்டும் கழற்ற மாட்டார். அந்தக் கண்ணோடுதான் சாப்பிடுவார், ஜெபம் சொல்லுவார், என்னைப் பார்ப்பார்.

அந்த வேலையில் அவர் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. செக்கர் ஏறுவதைப் பார்த்தும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பவன் கையில் டிக்கெட் கசங்கிக் கிடக்கும். முகத்தைச் சுளிப்பவனிடமும் இருக்கும். "குட் மார்னிங் அங்கிள்" என்று பல்லைக் காட்டுகிறானே, அவனிடம்தான் இருக்காது. "சிரிக்கிறவன்கிட்ட டிக்கெட் இருக்காது, அல்போன்சு" என்று என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை பங்குச் சாமியாரிடமே சொன்னார். நானும் அதைக் கேட்டுச் சிரித்தவள்தான். அந்தப் பாடம் அவர் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது என்பதால் இப்போது எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை.

இது 1988. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. நாளைக் காலை பெரிய ஆஸ்பத்திரியில் வருஷாந்திர செக்-அப். சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன். பதினாலு வருஷமாக இந்தச் சட்டை இஸ்திரி நடக்கிறது. நடுவில் இரண்டு வருஷம் நடக்கவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவர்மேல் குற்றம் சொல்லத்தான் ஆரம்பித்தேன், ஆனால் என் பேரும் அதில் வருகிறது.

எழுபத்து நாலில் நாங்கள் சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். எங்களுக்கு ரூபி ஒரே மகள், அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் காலையில் யூனிஃபார்ம் சட்டையின் காலர் பட்டன் மாட்டவில்லை என்று என்னைத் திட்டினார். சட்டையைச் சுருங்கத் துவைத்துவிட்டேனாம். வேறு சட்டை கொடுத்தேன். அதுவும் மாட்டவில்லை. அப்புறம்தான் கழுத்தின் இடது பக்கம் கொட்டைப் பாக்கு அளவில் ஒரு கட்டி இருப்பதைப் பார்த்தோம். வலி இல்லை. வலி இல்லையே என்று மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். அவரை வார்டில் விட்டுவிட்டு, டாக்டர் லோ என்னையும் என் அண்ணன் ஆம்ப்ரோஸையும் தனியாக அறைக்குள் கூப்பிட்டார். ரத்தம் ஓடுவது போலவே உடம்பில் இன்னொரு நீரும் ஓடுகிறதாம், அது ஓடும் வழியில் முடிச்சு முடிச்சாக இருக்கிறதாம், அந்த முடிச்சுகளில் வருகிற புற்றாம். பேர் லிம்போமா. சீக்கிரம் வைத்தியம் செய்தால் குணமாக நிறைய வாய்ப்பிருக்கிறது என்றார். எனக்குப் 'புற்று' என்றதுக்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளைகிட்ட மூச்சு விடாதே. பேரைக் கேட்டாலே போயிடுவாரு. டிபி கட்டின்னு சொல்லிக்கலாம்."

"டாக்டர் சொல்லிட்டாருன்னா?"

அண்ணன் திரும்ப உள்ளே போய் டாக்டரிடம் கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டருக்கு அது பிடிக்கவே இல்லை. "அவர் கேட்காத வரைக்கும் நான் சொல்ல மாட்டேன். கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்" என்று ஆங்கிலத்தில் கறாராகச் சொன்னார். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

டிபி கட்டி என்று நான்தான் அவரிடம் சொன்னேன். சொல்லும்போது என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. அவர் தலையாட்டிக்கொண்டார். அடுத்த பல வாரம் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் கரண்ட் வைத்தார்கள். கதிர் வைத்தியத்துக்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கும் பேர் அதுதான். எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று தோலில் சின்னச் சின்ன நீலப் புள்ளிகள் குத்தினார்கள். "ஊரு டிக்கெட்டுக்கெல்லாம் நான் குறி போட்டேன், இப்ப எனக்கே போட்டுட்டாங்க" என்றார். தொண்டை புண்ணாகி, பிடரி முடி கொட்டி, கஞ்சி கூட இறங்காமல் படாத பாடு பட்டார். ஆனால் கட்டி கரைந்தது. அந்த வருஷக் கிறிஸ்மஸுக்கு இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டார். நான் சமையலறையில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செக்-அப். எடை பார்ப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், நெஞ்சுக்கு எக்ஸ்ரே. கடைசியில் டாக்டர் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என்று விரலால் தடவிப் பார்ப்பார். இவர் டாக்டருடைய விரலையே கவனித்துக்கொண்டிருப்பார். வெளியே வந்ததும் என்னிடம் அறிக்கை வாசிப்பார். "வலது அக்குள்ல போன தடவையை விட அதிக நேரம் நின்னுச்சு. என்ன பார்த்தாரு அங்கே?" நான் என்னத்தைச் சொல்ல.

ஒரு வருஷம் போயிருக்கும். அவரோடு வேலை பார்த்த கண்டக்டர் ரவூப்புக்கு நிஜமாகவே கழுத்தில் டிபி கட்டி. இரண்டு பேரும் டிப்போ கேண்டீனில் உட்கார்ந்து நோயை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ரவூப்புக்குத் தினம் ஊசி, கை நிறைய மாத்திரை. இவருக்கு ஊசியும் இல்லை மாத்திரையும் இல்லை. இவருக்கு வைத்த கரண்ட் ரவூப்புக்கு இல்லை. இவருக்கா தெரியாது? அடுத்த செக்-அப்பில் நேராகவே கேட்டிருக்கிறார். டாக்டர் சொன்ன சொல் தவறாதவர். பேரைச் சொல்லி, என்ன நோய், என்ன வைத்தியம், இப்போது எப்படி இருக்கிறது என்று எல்லாவற்றையும் விளக்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஆஸ்பத்திரியின் நீல அப்பாயின்ட்மென்ட் கார்டை என் முன்னால் மேசையில் வைத்தார். கத்தவில்லை. பழைய டிக்கெட்டோடு பிடிபட்டவனிடம் எவ்வளவு மரியாதையாகப் பேசுவாரோ அவ்வளவு மரியாதையாகப் பேசினார்.

"எத்தனை நாளா இந்தப் பொய்யில வர்றீங்க நீங்க?"

என் கணவர் என்னை 'நீங்க' என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். நான் அழுதேன். அண்ணன் சொன்னார் என்றேன், உங்களுக்காகத்தான் என்றேன். அவர் எதையும் மறுக்கவில்லை. "சரி. இனிமே நீ என் உடம்பைப் பத்திச் சொல்ற எதையும் நான் சும்மா நம்ப மாட்டேன். தெரிஞ்சுக்க" என்றார். சொன்னபடியே நடந்துகொண்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் புதன்கிழமை கோழிக் குழம்பு வைக்க முடியாது. "ஞாயித்துக்கிழமை இல்லையே, இன்னைக்கு எதுக்குக் கோழி? டாக்டர் போன் பண்ணாரா?" ரூபி கொஞ்சம் செல்லமாக அப்பா தோளில் சாய்ந்தால், அவள் அந்தப் பக்கம் போனதும் என்னிடம் கேட்பார்: "பிள்ளைகிட்ட என்ன சொல்லி வச்சிருக்கே?" தேக்கா சந்தையில் கறி வாங்கும்போது கடைக்கார இப்ராஹீம் ஓர் எலும்புத் துண்டு கூடுதலாகப் போட்டுவிட்டார், அவருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது என்று வழியெல்லாம் வாதாடினார். அந்த மனிதருக்கு இவர் பேர்கூடத் தெரியாது.

எழுபத்தாறில் வருஷ வழக்கப்படி வீடு மந்திரிக்கச் சாமியார் வந்தார். எல்லார் வீட்டுக்கும் வருவதுதான். இவர் வாசலிலேயே நிறுத்தி அவர் பையை எட்டிப் பார்த்தார்.

"தீர்த்தம் மட்டும்தானா சாமி? எண்ணெய் ஏதும் கொண்டு வந்திருக்கீங்களா?"

சாகக் கிடப்பவர்களுக்கு அவஸ்தை பூசுகிற எண்ணெயைத்தான் கேட்கிறார் என்று சாமியாருக்குப் புரிந்துவிட்டது. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சாமியார் சிரித்தது இவருக்குப் போதும். அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை.

எனக்குக் கோபம் வராமல் இருக்குமா? வந்தது. ஒரு பொய்தான் சொன்னேன். அதற்கு இத்தனை வருஷமா? ஆனால் கோபத்தை எங்கே காட்டுவது? காட்டினால், "நான் இருக்கப்போறது கொஞ்ச நாள்னுதானே இவ்வளவு நாள் பொறுத்துக்கிட்டே, இப்ப என்ன புதுசா?" என்பார். மனிதரை ஜெயிக்க முடியாது.

இந்தச் சந்தேகத்தில் ஒரு நல்லதும் இருந்தது. ஒரு செக்-அப்பையும் தவற விட மாட்டார். மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று. தவறாமல் போனார். அவர்கள் என்ன மறைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே போனார்.

எண்பதாம் வருஷம் பிப்ரவரியில் நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் லோ வழக்கம்போலத் தடவிப் பார்த்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வாய் நிறையச் சிரித்தார். அத்தனை வருஷத்தில் அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

"மிஸ்டர் சிலுவைராஜ், இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை போதும். பிடித்ததைச் சாப்பிடுங்கள். ஊருக்குப் போக வேண்டும் என்றால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்." எழுந்து கையும் குலுக்கினார்.

1958ஆம் வருஷம் என் அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது, வந்து பார்த்த டாக்டர் எங்கள் அம்மாவிடம் சொன்ன வார்த்தையும் இதுதான். ஆசைப்பட்டதைச் செய்து கொடுங்கள், பார்க்க நினைக்கிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். ஒன்பதாம் நாள் அப்பாவை அடக்கம் செய்தோம். எங்கள் ஜனத்தில் ஒரு டாக்டர் 'பிடித்ததைச் சாப்பிடுங்கள்' என்று சொன்னால் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.  இவர் சட்டென்று திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

நான் பயத்தில் சிரித்துவிட்டேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஊருக்குப் போங்கிறாரு. நான் பிறந்ததே இங்க கண்டாங் கெர்பா ஆஸ்பத்திரியில. எனக்கு இதை விட்டா எது ஊரு?"

கார்டை மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு முன்னாலேயே தெரியும், இல்ல?"

"எனக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது."

"உள்ளே சிரிச்சியே."

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பஸ்ஸில் வீடு வந்தோம். இறங்கும்போது, "பரவாயில்லை அல்போன்சு. இந்தத் தடவை நல்லாத்தான் மறைச்சே" என்றார்.

அடுத்த வருஷம் நாங்கள் ஆங் மோ கியோவுக்கு வீடு மாறினோம். நாலாம் மாடி. லிஃப்ட் ஐந்தாம் மாடியில்தான் நிற்கும். அங்கிருந்து ஒரு மாடி இறங்க வேண்டும். பிப்ரவரி வந்தது. சட்டைக்கு இஸ்திரி போட்டேன். அவர் அதை எடுத்து அலமாரியில் திரும்ப மாட்டிவிட்டார். "கை கழுவினவங்க வாசல்ல போய் எதுக்கு நிக்கணும்?" என்றார்.

நான் வற்புறுத்தவில்லை. என் வாயால் அவரைப் போகச் சொன்னால் நம்ப மாட்டார் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. தனியாகப் போய் மிஸ்ஸி நூருன்னிசாவைக் கேட்டிருக்கலாம். அவர் அந்தக் கிளினிக்கில் தமிழ் பேசுகிற நர்ஸ், எங்களை ஆரம்பத்திலிருந்தே தெரிந்தவர். கேட்டு, அவர் 'ஆமாம்' என்றுவிட்டால்? இவரைச் சந்தேகப் பிராணி என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நான். எனக்கு இருந்தது அவருடையதை விட மோசமான சந்தேகம். அவராவது கேட்டுத் தெரிந்துகொள்ளப் பார்ப்பார். நான் கேட்கவே பயந்தேன்.

அதனால் சமைத்தேன். ஈரல் வறுவல், நண்டு, நெய்ச்சோறு, அவருக்குப் பிடித்தது எல்லாம். அவர் முன்புபோல எதற்கு என்று கேட்காமல் சாப்பிட்டார். உடம்பு போட்டது. பூசை முடிந்து லூர்து மாதா கோவில் வாசலில் நிற்கும்போது, "அண்ணன் நல்லாத் தேறிட்டாங்களே" என்று எல்லாரும் சொன்னார்கள். இளைத்தால்தான் பயம் எங்களுக்கு. பருத்தால் சந்தோஷம். நானும் கொஞ்சம் நம்பத் தொடங்கினேன்.

அப்புறம் முகம் உப்பியது. கண்ணுக்குக் கீழே பை விழுந்தது. சிங்கப்பூர் மத்தியான வெயிலில் குளிருகிறது என்றார். ரூபி பள்ளிக்கூடத்தில் கேமரன் மலைக்குச் சுற்றுலா போனபோது வாங்கிய ஸ்வெட்டரை இழுத்து மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். குரல் கரகரத்து, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. புருவ முடி ஓரத்தில் உதிர்ந்தது. உட்கார்ந்த இடத்தில் தூங்கினார். மாடி பஸ்ஸில் மேல்தட்டுக்கு ஏற முடியவில்லை. மேலே இருப்பவர்கள் டிக்கெட்டைப் பார்க்காமலே இறங்கினார். கம்பெனியில் புகார் வந்து டிப்போவுக்குள் ஒரு மேசை போட்டு உட்கார வைத்தார்கள். அவர் அதற்கும் தலையாட்டினார். நோய் திரும்ப வந்துவிட்டது என்று அண்ணன் ஆம்ப்ரோஸ் சொன்னார். எல்லாரும் சொன்னார்கள். வேறு டாக்டரிடம் காட்டுவோம் என்றால், "சொன்ன தவணை முடியப்போகுது, விடு" என்று கண்ணை மூடிக்கொள்வார்.

எண்பத்து மூன்று ஜனவரியில் சாமியார் வீடு மந்திரிக்க வந்தார். இவர் நாற்காலியில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார். பையை எட்டிப் பார்க்கவில்லை. தீர்த்தம் தெளித்து முடியும்வரை தலை குனிந்திருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"சாமி, எண்ணெய் கொண்டு வந்திருந்தீங்கன்னா பூசிட்டே போங்க."

சாமியார் என்னைப் பார்த்தார்.  இத்தனை வருஷம் என்னைக் குடைந்து எடுத்த சந்தேகம் அந்த மனிதரை விட்டுப் போய்விட்டது. அது போனதும் அவரிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. சந்தேகப்படாத சிலுவைராஜை எனக்குத் தெரியாது. அவரை இழந்துவிட்டேன் என்று அப்போதுதான் முதல்முறையாக எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை, அவர் தூங்கும்போது அலமாரியிலிருந்து நீலக் கார்டை எடுத்துக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். மிஸ்ஸி நூருன்னிசா கார்டைப் பார்த்ததும் எரிந்து விழுந்தார்.

"எங்கேக்கா போனீங்க? ரெண்டு லெட்டர் போட்டோம். பழைய விலாசத்தில ஆள் இல்லைன்னு ரெண்டும் திரும்பி வந்துடுச்சு. அண்ணன் எங்கே?"

"மிஸ்ஸி, நீங்க உண்மையைச் சொல்லுங்க. அன்னைக்கு டாக்டர் கைவிட்டுட்டாருதானே?"

"என்ன கைவிட்டாரு?"

சொன்னேன். பிடித்ததைச் சாப்பிடச் சொன்னது, ஊருக்குப் போகச் சொன்னது, கை குலுக்கியது எல்லாவற்றையும் சொன்னேன். மிஸ்ஸி நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"வைத்தியம் முடிஞ்சு அப்பவே அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, நோய் திரும்ப வரலை, அதனாலதான் வருஷத்துக்கு ஒரு தடவைன்னாரு. அது நல்ல சேதி லா அக்கா. இந்தக் கிளினிக்கில அதைக் கேட்கறதுக்கு எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்க தெரியுமா?"

ஃபைலைத் திறந்து டாக்டர் எழுதியிருந்ததைக் காட்டினார். 'நலமாக இருக்கிறார்' என்ற அர்த்தத்தில் ஒரே ஒரு ஆங்கில வார்த்தை. மூன்று வருஷமாக அந்த ஒரு வார்த்தை அங்கே கிடந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. டாக்டர்மேல், வீட்டுக்காரர்மேல், எல்லாரையும்விட என்மேல்.

"அப்போ இப்ப ஏன் இப்படி இருக்காரு?" என்று குளிர், வீக்கம், தூக்கம் எல்லாம் சொன்னேன். மிஸ்ஸி குறுக்கே பேசாமல் கேட்டார். உள்ளே போய் டாக்டர் லோவிடம் பேசிவிட்டு வந்தார்.

"அது பழைய நோய் இல்லைன்னு நினைக்கிறார். கழுத்தில தைராய்டு சுரப்பி இருக்குல்ல, கரண்ட் வச்சவங்களுக்குப் பல வருஷம் கழிச்சு அது அசந்து போயிடுமாம். அதையெல்லாம் பார்க்கத்தான் வருஷா வருஷம் வரச் சொல்றது. ரத்தம் எடுத்தாத் தெரிஞ்சுடும். இப்படியே விட்டா ஒருநாள் தூக்கத்திலேயே நினைவு தப்பிடும்கா. நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

கூட்டி வருவது எப்படி? நான் சொன்னால் நம்புவாரா? பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். நல்ல சேதி என்று சிரித்த முகத்தோடு சொன்னால் முடிந்தது கதை. அண்ணனை அழைத்துவந்தால் இரண்டு பேரும் சேர்ந்து சொல்லும் இரண்டாவது பொய் என்பார். மிஸ்ஸி சொன்னார் என்றால் மிஸ்ஸியையும் நான் சரிக்கட்டிவிட்டேன் என்பார். செக்கரிடம் காட்ட என் கையில் என்ன இருக்கிறது? எனக்கும் அன்று ஒன்றும் தெரியாது என்ற உண்மை மட்டும்தான் என்னிடம் இருந்தது.

அவர் விழித்திருந்தார். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுத்தான் வர்றேன்" என்றேன். அவர் ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"அன்னைக்கு டாக்டர் சொன்னப்போ எனக்கு ஒண்ணுமே தெரியாது. உங்களைக் கைவிட்டுட்டாருன்னு நானும் நினைச்சேன். பயத்தில சிரிச்சேன். அப்புறம் போய்க் கேட்கத் தைரியம் வரலை. மூணு வருஷமா நீங்க சாகப் போறீங்கன்னு நினைச்சுத்தான் சோறு போட்டேன். ஈரல் வறுத்தது அதுக்குத்தான். நண்டு வாங்கினது அதுக்குத்தான். போன மாசம் உங்க அடக்கத்துக்குன்னு வெள்ளைப் புடவை கூட எடுத்து வச்சிருக்கேன். அலமாரியில கீழ்த்தட்டில இருக்கு. இன்னைக்குத்தான் கேட்டேன். நீங்க நல்லாயிட்டீங்கன்னுதான் அன்னைக்கே எழுதி வச்சிருக்காங்க. இப்ப வந்திருக்கறது வேற. அதுக்கு மாத்திரை இருக்கு."

புடவையைப் பற்றிச் சொல்ல நினைக்கவே இல்லை. வாயில் வந்துவிட்டது. சொன்னதும் வெட்கத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

 அப்புறம் அவர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். ஒவ்வொரு அடியாக அலமாரி வரை போனார். குனிய முடியாமல் குனிந்து கீழ்த்தட்டைத் திறந்து புடவையை எடுத்தார். விலைச்சீட்டு கூடக் கிழிக்காமல் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நிஜமாவே வாங்கியிருக்கே" என்றார்.

"ஆமா."

"என்னைக் கூட்டிட்டுப் போகறதுக்காகச் சொல்றதுன்னா, இந்த மாதிரி யாரும் சொல்ல மாட்டாங்க."

"மாட்டாங்க."

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

மறுநாள் லிஃப்ட் பிடிக்க ஐந்தாம் மாடிக்கு ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்றார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். ரத்தம் எடுத்தார்கள், முடிவு வந்தது, டாக்டர் சொன்னது போலவே இருந்தது. சின்ன வெள்ளை மாத்திரை, தினம் காலையில் வெறும் வயிற்றில், ஆயுசு முழுக்க. முதலில் கால் மாத்திரை, பிறகு அரை, பிறகு ஒன்று என்று கூட்டினார்கள். டாக்டர் லோ இவரிடம் சிரிக்கவில்லை. மிஸ்ஸி முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார் போலிருக்கிறது. மேசைமேல் ஃபைலை இவர் பக்கம் திருப்பி வைத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டினார். இவர் கடைசி வரி வரைக்கும் படித்தார்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் ஸ்வெட்டரைக் கழற்றினார். பிறகு முக வீக்கம் வற்றியது. என்னோடு பேசினார், சாப்பிட்டார், ரூபியின் வேலையைப் பற்றி விசாரித்தார். எல்லாம் மரியாதையாக, நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு. எனக்கு அந்தத் தலையாட்டல் பிடிக்கவில்லை. ஆள் பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது வாரம் ஒரு காலையில் காப்பி எடுத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தேன். மேசையில் செய்தித்தாளை விரித்து, மாத்திரைப் புட்டியைக் கவிழ்த்துக் கொட்டி, ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண்ணிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு இன்னொரு தடவை எண்ணினார்.

"பதினெட்டு இருக்கணும். பதினேழுதான் இருக்கு."

"நேத்து ஒண்ணு கீழே விழுந்துடுச்சு. எடுத்துக் குப்பையில போட்டுட்டேன்."

"எங்கே விழுந்துச்சு?"

"சிங்க் பக்கத்தில."

"சிங்க் பக்கத்தில புட்டிக்கு என்ன வேலை?"

அவர் தலையை நிமிர்த்தினார். இரண்டு கண்ணையும் இடுக்கி என் முகத்தைப் பார்த்தார். பஸ் படியில் ஏறி நின்று எல்லாரையும் ஒரு தடவை பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"எதுக்குச் சிரிக்கிறே?" என்றார்.

நிறுத்திப் பார்த்தேன், முடியவில்லை. காப்பியை அவர் முன்னால் வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.